போதைப் பரிசோதனை: கார்டா, ஆய்வகமா, மருத்துவமனையா? வேலூர் வட்டாரத்துக்கு ஒரு ஒப்பீடு

வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீளும் தொழிற்பகுதியில் போதைப் பரிசோதனை பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். லாரி வைத்திருப்பவர்களும், ஷூ கம்பெனிகளிலும் சிப்காட் தொழிற்சாலைகளிலும் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருப்பவர்களும் ஒரு வகை. மகனின் நடவடிக்கையில் மாற்றம் கண்டு வெளியில் சொல்ல முடியாமல் தவிக்கும் பெற்றோர் இன்னொரு வகை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு ஒப்பந்த வேலை. பரிசோதனைக் குழு தானே வந்து, மாதிரி எடுத்து, அறிக்கை அனுப்பிவிடும். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இருப்பவருக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. அவர் முன் இருப்பவை மருந்துக்கடையிலோ இணையத்திலோ வாங்கிச் சிறுநீரை வைத்துச் சோதிக்கும் கார்டு, ஊரில் உள்ள தனியார் ஆய்வகம், மருத்துவமனையின் மனநலப் பிரிவு, வெளியூரிலிருந்து வரவழைக்கும் சேவை நிறுவனம் ஆகிய நான்கு வழிகள்தான். இந்த நான்கையும் விலையை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். என் பார்வையில் விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. நம் ஊரில் புழங்கும் பொருளை அந்தப் பரிசோதனை கண்டுபிடிக்குமா, வந்த முடிவை உறுதிப்படுத்தித் தருவார்களா, அந்த முடிவு யார் கைக்குப் போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகே விலையைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வியிலேயே பல கார்டுகள் தோற்றுவிடுகின்றன. கடைகளில் அதிகம் காணப்படும் ஐந்து பொருள் கார்டு கஞ்சா, கொகைன், ஆம்பெட்டமைன், அபின் வகை, பி.சி.பி. என்ற மாயத்தோற்றம் தரும் போதைப் பொருள் ஆகியவற்றைத் தேடும்படி அமைந்தது. இந்தப் பட்டியல் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்காக வகுத்தது. பி.சி.பி. என்ற பொருளை நம் வட்டாரத்தில் பார்த்தவர் எவரும் இருக்க மாட்டார்கள்; கொகைன் வாங்கும் அளவுக்கு இங்குள்ள லாரி கிளீனருக்குச் சம்பளமும் இல்லை. இங்கு புழங்குபவை மது, ஆந்திர எல்லை தாண்டி வரும் கஞ்சா, வலிநிவாரணி மாத்திரை, தூக்க மாத்திரை, ரப்பர் ஒட்டும் சொல்யூஷன் ஆகியவை. காட்பாடி ரயில் நிலையத்தில் கஞ்சா பிடிபட்டதாகச் செய்தித்தாளில் அடிக்கடி படிப்பதால், கஞ்சாவைத் தேடினால் போதும் என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. மாத்திரைகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. டேபென்டடால், ட்ரமடால் என்ற இரண்டு வலிநிவாரணிகளையும் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் பதிவாகியிருக்கிறது. கார்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பட்டை உண்டு. அதில் அபின் பட்டை, அபினில் உள்ள மார்ஃபினின் வேதி வடிவத்தை அடையாளம் காணும் வகையில் செய்யப்பட்டது. இந்த இரண்டு மாத்திரைகளின் வடிவம் அதற்கு அறிமுகமில்லாதது. அன்று காலை ஊசி போட்டுக்கொண்டவரும் அந்தக் கார்டில் 'நெகட்டிவ்' ஆகவே வருவார். ட்ரமடாலுக்கும் டேபென்டடாலுக்கும் தனிப் பட்டைகள் உண்டு, ஆனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். தூக்க மாத்திரைக்கான பென்சோடையசெபின் பட்டை பத்து பொருள், பன்னிரண்டு பொருள் கார்டுகளில் இருக்கும். நைட்ரசெபம், டையசெபம் போன்றவற்றை அது பெரும்பாலும் காட்டும், சிலவற்றைத் தவறவும் விடும்.

சொல்யூஷன் பற்றி ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முகரும் பழக்கத்தை எந்தக் கார்டும் கண்டுபிடிக்காது. டொலுவீன் என்ற கரைப்பான் உடலுக்குள் போனால் ஹிப்யூரிக் அமிலம், ஆர்த்தோ கிரெசால் போன்ற பொருள்களாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். அவற்றை ஆய்வகத்தில் அளக்கலாம். ஆனால் சோல் ஒட்டும் பிரிவில் எட்டு மணி நேரம் பிரஷ்ஷும் டப்பாவுமாக உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் சிறுநீரிலும், அந்தச் சொல்யூஷனில் டொலுவீன் இருந்தால், அதே பொருள்கள்தான் வரும். பாட்டில் பானங்களிலும் ஊறுகாயிலும் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் கூட ஹிப்யூரிக் அமிலத்தை உயர்த்திவிடும். முகர்ந்ததால் வந்ததா, வேலையால் வந்ததா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அளவு அதிகமாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவின் காற்றுப்போக்கியையும் முகமூடியையும்தான். தொழிலாளியைக் குற்றவாளியாக்கப் போய், தொழிற்சாலை ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியை நிர்வாகம் தானே தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வேடிக்கை இது.

இனி வழிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். கார்டின் பலம் வேகமும் மலிவும். சில நூறு ரூபாயில் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். அதன் பலவீனம் அதைப் படிப்பவரிடம் இருக்கிறது. மேலே 'சி' என்று குறித்த இடத்தில் ஒரு கோடு வர வேண்டும்; அது வராவிட்டால் கார்டே செல்லாது. கீழே 'டி' என்று குறித்த இடத்தில் கோடு வந்தால் பொருள் இல்லை என்றும், கோடு வராவிட்டால் பொருள் இருக்கலாம் என்றும் கொள்ள வேண்டும். கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் இரண்டு கோடு வந்தால் 'பாசிட்டிவ்' என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். அதிலும் டி கோடு சில நேரம் வெளிறி, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் நூல் போல வரும். அந்த நூலும் கோடுதான். அதற்கும் 'நெகட்டிவ்' என்றே பொருள். "லேசாத்தான் இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டிருப்பான்" என்று சூப்பர்வைசர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் ஒருவர் வேலை போய்விடும். குறித்த நேரம் கடந்து அரை மணி கழித்துப் பார்த்தால் கோடுகள் மாறியும் இருக்கலாம்.

இதற்கு மேல் பொய்யான பாசிட்டிவ் என்ற சிக்கல் இருக்கிறது. கார்டு ஒரு பொருளை நேரடியாக அடையாளம் காண்பதில்லை. அந்தச் சாயல் உள்ள எதையும் பிடித்துக்கொள்ளும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் ஆம்பெட்டமைன் பட்டையைத் தொடும். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இங்கே தாராளமாக எழுதப்படும் ஆஃப்லாக்சசின் அபின் பட்டையைத் தொடக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து உடலில் ஓரளவு மார்ஃபினாகவே மாறுகிறது. குருமாவில் அரைத்து விடும் கசகசாவிலும் உண்மையாகவே சிறிதளவு மார்ஃபின் உண்டு. அமெரிக்க அரசுப் பரிசோதனையில் அபின் வகைக்கான எல்லையை, அதாவது எவ்வளவு இருந்தால் பாசிட்டிவ் என்ற அளவை, மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக 1998ல் உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். நம் கடைகளில் விற்கும் கார்டுகளில் பல இன்னும் 300 எல்லையிலேயே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் கசகசா அரைத்த குருமாவை வயிறாரச் சாப்பிட்ட ஓட்டுநரைச் சனிக்கிழமை காலை 300 எல்லைக் கார்டில் சோதித்துவிட்டு, அவர் சொல்வதைப் பொய் என்று தள்ள எனக்குத் துணிவு வராது. மறுபக்கம், "கூட இருந்தவன் கஞ்சா இழுத்தான், அந்தப் புகைதான்" என்ற சமாதானம் அத்தனை எளிதில் ஏற்கத்தக்கதல்ல. காற்றோட்டமுள்ள இடத்தில் அடுத்தவர் விட்ட புகையால் மட்டும் கஞ்சாவுக்கான 50 நானோகிராம் எல்லையைத் தாண்டுவது மிக அரிது.

ஆகவே கார்டில் வரும் பாசிட்டிவ் ஒரு சந்தேகம் மட்டுமே. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, அதே மாதிரியை வாயு அல்லது திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலை அளவியலும் சேர்ந்த கருவியில் ஓட்ட வேண்டும். ஜி.சி.எம்.எஸ்., எல்.சி.எம்.எஸ். என்று ஆய்வகத்தார் சொல்வது இதைத்தான். அந்தக் கருவி மூலக்கூறையே இனம் காணும். ஆஃப்லாக்சசினையும் மார்ஃபினையும் குழப்பிக்கொள்ளாது. இரண்டாவது வழியான தனியார் ஆய்வகத்தை எடைபோட வேண்டியது இந்த இடத்தில்தான். வேலூரில் ஆற்காடு சாலை, காந்தி ரோடு பக்கம் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போதைப் பரிசோதனை என்று வந்துவிட்டால் சிறிய ஆய்வகங்களில் நடப்பது பெரும்பாலும் நாம் வீட்டில் செய்யக்கூடிய அதே கார்டு பரிசோதனைதான், முத்திரை குத்திய தாளில் அச்சிட்டுக் கிடைக்கும். மற்றவை மாதிரி சேகரிக்கும் மையங்கள். குப்பி சென்னைக்கோ வேறு பெருநகரத்துக்கோ போய், சில நாள் கழித்து முடிவு வரும். மெதுவானாலும் பின்னதே மேல். பணம் கட்டும் முன் கவுன்டரில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தும் பரிசோதனை தானாகவே நடக்குமா, அல்லது தனிக் கட்டணமா? ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு உண்டா? சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் தலைப்புத் தாளில் அதே சின்னம் எல்லா அறிக்கையிலும் இருப்பது போலத் தோன்றலாம். அங்கீகாரம் பரிசோதனை வாரியாகத்தான் தரப்படுகிறது.

மாதிரியின் நம்பகம் இன்னொரு அளவுகோல். சிறுநீர் குப்பியில் பிடித்த நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அது வெளியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம். சிறுநீரில் இயல்பாகவே வெளியேறும் கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் குடித்து நீர்த்துப் போன மாதிரி. குப்பியைக் கொடுத்தவர் கண்ணெதிரே மூடி, முத்திரையிட்டு, அவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டு, இரண்டு பாகமாகப் பிரித்து ஒன்றை மறுபரிசோதனைக்கு வைக்க வேண்டும். இத்தனையும் செய்யும் ஆய்வகத்தை நம் ஊர்களில் நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செய்யாத இடத்தின் அறிக்கையை வைத்து வேலைநீக்கம் செய்தால், தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே "இந்தக் குப்பி யாருடையது?" என்பதாக இருக்கும்.

பெற்றோருக்கு ஆய்வகத்தில் வேறொரு இடைஞ்சல் உண்டு. சிற்றூர் ஆய்வகத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். பெயர், வயது, அப்பா பெயர், என்ன டெஸ்ட் என்பதெல்லாம் நீளக் குறிப்பேட்டில் வரிசையாக ஏறும். அடுத்து நிற்பவர் தன் பெயரைச் சொல்லக் குனியும்போது மேல் வரி கண்ணில் படும். அறிக்கை யாருடைய வாட்ஸப் எண்ணைக் கொடுத்தோமோ அவருக்குப் போகும், பெரும்பாலும் கூட வந்த மாமாவின் எண்ணுக்கு. நல்ல எண்ணத்தில் நடப்பதுதான் என்றாலும், பையனுக்குப் பெண் பார்க்கும் வயது வரை அந்தச் செய்தி ஊரில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது வழியான மருத்துவமனையைப் பெற்றோர் கடைசியாக நினைக்கிறார்கள். நான் முதலில் நினைக்கச் சொல்வேன். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இங்கெல்லாம் பரிசோதனை ஒரு கருவி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மருத்துவர் பேசுகிறார். தூக்கம் குறைந்தது, படிப்பு சரிந்தது, கண் சிவந்தது எல்லாமே போதையால் என்று முடிவு கட்டி வரும் பெற்றோருக்கு, அது மனச்சோர்வாகவோ மனச்சிதைவின் தொடக்கமாகவோ இருக்கலாம் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மதுவோடும் போதைப் பொருளோடும் தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, நோயாளியின் தகவலை இரகசியமாக வைக்கும் கடமையையும் விதிக்கிறது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985ன்படி உட்கொள்வதே குற்றம். கொகைன், மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும் மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு சார்ந்த குற்றங்களுக்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். வீட்டில் வாங்கி வைத்த கார்டுக்கு இப்படி எந்தக் குடையும் இல்லை. மருத்துவமனையின் குறை, காத்திருப்பு. காலையில் போனால் அந்த நாள் போய்விடும். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் முப்பது பேரை அங்கே அனுப்பி வரிசையில் நிறுத்துவது நடவாது, நியாயமும் அல்ல.

நான்காவது வழியான வெளியூர்ச் சேவை நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆள் எண்ணிக்கை நூறைத் தொடும் கம்பெனிக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும். வருபவர்கள் முத்திரை, கையெழுத்து, வெப்பமானி எல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள். ஆனால் அவர்களும் சில வேளைகளில் அதே ஐந்து பொருள் கார்டைத்தான் எடுத்து வருவார்கள். எந்தெந்தப் பொருள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். முடியில் செய்யும் பரிசோதனையையும் இவர்கள் விற்பார்கள். உச்சந்தலையை ஒட்டி ஒன்றரை அங்குல முடி ஏறத்தாழ தொண்ணூறு நாள் வரலாற்றைச் சொல்லும். கடந்த ஒரு வாரத்தை அது சொல்லாது. லாரி ஓட்டுநர் நேற்றிரவு என்ன உட்கொண்டார் என்று அறிய விரும்புபவருக்கு அது பயன்படாது. திருப்பதிக்கு மொட்டை போட்டு வந்தவரிடம் கேட்கவும் முடியாது.

பாசிட்டிவ் என்பது எதை நிரூபிக்கிறது என்பதில்தான் முதலாளிகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சிறுநீரில் தேடப்படுவது கஞ்சாவின் போதை தரும் பொருள் அல்ல. உடல் அதைச் சிதைத்து மீந்த கழிவு. எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்கு மூன்று நாள் வரை அது இருக்கலாம். தினமும் இழுப்பவருக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். ஹெராயின், கோடீன் இரண்டு மூன்று நாளில் மறையும். ஞாயிற்றுக்கிழமை செய்ததற்கும் புதன்கிழமை இயந்திரத்தின் முன் நிதானமாக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுநீர் அறியாது. மது அப்படியல்ல. மூச்சில் அளக்கும் கருவி அந்த நேரத்து நிலையைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்து, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. மற்ற போதைப் பொருளுக்கு அந்தப் பிரிவு எண் எதையும் வைக்கவில்லை; வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் தாக்கத்தில் இருப்பதையே குற்றம் என்கிறது.

இவற்றை வைத்து என் தேர்வுகளைச் சொல்கிறேன். பத்து இருபது லாரி வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல மூச்சுக்கருவி. லோடு ஏற்றி வண்டி கிளம்பும் முன் எல்லா ஓட்டுநரும், முதலாளியின் மைத்துனர் உட்பட, ஊத வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்த பதினைந்து நிமிடத்துக்குள் ஊதக் கூடாது. கருவியைத் தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில் அளவு திருத்த வேண்டும். நம் நெடுஞ்சாலை விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது மதுவும் தூக்கமின்மையும்தான் அதிகம் என்பது என் அனுபவக் கணிப்பு. கஞ்சாக் கார்டு இவற்றில் ஒன்றையும் தடுக்காது. வேலைக்குச் சேரும்போதும் விபத்துக்குப் பிறகும் மட்டும், தூக்க மாத்திரைப் பட்டையும் ட்ரமடால் பட்டையும் சேர்ந்த சிறுநீர்ப் பரிசோதனையை, உறுதிப்படுத்தும் ஆய்வகத்தோடு முன்பே பேசி வைத்துச் செய்யலாம். மாதிரி எடுக்கும் முன் "தம்பி, இந்த வாரம் என்ன மாத்திரை சாப்பிட்ட?" என்று கேட்டு, "அண்ணே, சளிக்கு ரெண்டு மாத்திரை, பேரு தெரியல" என்றால் அந்த அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் படிவத்தில் எழுதிக்கொள்வது பின்னால் வரும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ஷூ கம்பெனிக்கு என் பரிந்துரை வேறு. எல்லாருக்கும் திடீர்ச் சோதனை என்பதை நான் ஆதரிக்க மாட்டேன். விமானத் துறையில் விமானிகள் போன்ற சில பணியினருக்கு 2022 ஜனவரி 31 முதல் திடீர்ச் சோதனை கட்டாயம்தான், ஆனால் ஷூ கம்பெனி அப்படிப்பட்ட இடமல்ல. தோல் தொழிலில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் குப்பியோடு கழிவறைக்கு அனுப்பப்படுவதை அவமானமாகவே உணர்வார்கள், அந்த உணர்வு தவறும் அல்ல. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொல்லியிருக்கிறது. அது அரசை நோக்கிச் சொன்னது என்று வாதிட்டாலும், எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாதிரி எடுக்கும் நிர்வாகம் பின்னால் விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கட்டிங் பிரஸ், பாய்லர், ஃபோர்க்லிஃப்ட் போன்ற ஆபத்தான இடங்களில் மட்டும், நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையில் முன்கூட்டியே எழுதி, ஆளுக்கு ஆள் மாறாத முறையில் செய்யலாம். பாசிட்டிவ் வந்தால் முதல் படி வேலை மாற்றமும் மருத்துவரிடம் அனுப்புவதும். வேலைநீக்கம் என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை என்ற வரிசை தவறக் கூடாது.

பெற்றோர் கார்டு வாங்க வேண்டாம். பதினெட்டு வயது கடந்த மகனின் சிறுநீரைத் தெரியாமல் எடுத்துச் சோதிப்பது, நெகட்டிவ் வந்தாலும் பாசிட்டிவ் வந்தாலும், அவன் உங்களோடு மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பைக் குறைக்கும். அவன் அறையில் கிடைத்த மாத்திரை அட்டை, அதன் பின்பக்கப் பெயரோடு, எந்தக் கார்டையும் விட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு பாகாயத்துக்கோ அடுக்கம்பாறைக்கோ போவதே மேல். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் கட்டணமில்லாதது. கார்டுக்கு உரிய இடம் சிகிச்சை தொடங்கிய பிறகு வருகிறது. வாரம் ஒருமுறை மருத்துவர் முன்னிலையில், மகனுக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு செய்யும்போது அந்தச் சில நூறு ரூபாய்க் கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்யும். நீண்ட காலம் கஞ்சா இழுத்தவருக்கு முதல் நான்கு ஐந்து வாரம் பாசிட்டிவ் வந்துகொண்டே இருப்பது இயல்பு என்பதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வாரத்துக் கார்டைக் காட்டி, நிறுத்திவிட்ட பையனோடு அப்பா சண்டைக்குப் போவார்.